'சீரற்ற முறையில்' என்றால் என்ன? குழந்தைகள் சேரும் மருத்துவ ஆய்வுகள் பற்றி

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் தங்கை ஒருவர், போன மாதம் ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்குக் கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றார். அவருடைய எட்டு வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், அன்று வெளியூர் லோடில் இருந்தார். "இந்த ஆய்வில் பையனைச் சேர்க்க விருப்பமா, வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய படிவம் அது. பதினாறு பக்கம். முதலிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறார், ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்: 'சீரற்ற முறையில்'.

"அண்ணா, சீரற்றதுன்னா சரியில்லாததுதானே? சரியில்லாத மருந்தையா என் புள்ளைக்குப் போடப்போறாங்க?"

நான் டாக்டர் இல்லை. டிபி ஆய்வுத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராகப் பல வருஷம் காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் என்று சந்து சந்தாகச் சளி டப்பாவும் நோட்டுமாகச் சுற்றியவன். ஒப்புதல் படிவத்தை எத்தனையோ வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கிறேன், இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்த வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'சீரற்ற' என்பது மோசமான மொழிபெயர்ப்பு என்பது என் கருத்து. அது சொல்ல வருவது குலுக்கல். நம்ம பக்கம் குலுக்கல் சீட்டு பிடிக்காத தெரு உண்டா? இருபது பேர் பணம் கட்டுகிறோம், மாசாமாசம் பெயர் எழுதின துண்டுச் சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்கிறோம். யாருக்கு விழும் என்று சீட்டு நடத்துகிற அக்காவுக்கும் தெரியாது. தெரியக் கூடாது, தெரிந்தால் சண்டைதான். மருத்துவ ஆய்விலும் அதேதான் நடக்கிறது. இப்போது கொடுக்கிற சிகிச்சை ஒன்று, அதைவிட நல்லதாக இருக்கலாம் என்று நினைக்கிற சிகிச்சை இன்னொன்று. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை, அப்பா அம்மாவும் தீர்மானிப்பதில்லை. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது.

இதைக் கேட்டதும் அவருக்குக் கோபம்தான் வந்தது. "என் புள்ளை உசுரு சீட்டுக் குலுக்குற மாதிரியா?" நியாயமான கோபம். எதற்காகக் குலுக்க வேண்டும், டாக்டருக்கு எது நல்லது என்று தெரியாதா?

தெரியாது. நிஜமாகவே தெரியாதபோது மட்டும்தான் குலுக்கலாம் என்பதுதான் விதியே. ஒரு சிகிச்சை மற்றதைவிட நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், தெரிந்தே சில பிள்ளைகளுக்கு மட்டமானதைக் கொடுப்பது குற்றம், அப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதியே கிடைக்கக் கூடாது. அந்தத் துறையில் விவரம் தெரிந்தவர்களே 'இதுவா அதுவா' என்று முடிவுக்கு வர முடியாமல் இருக்கும் இடத்தில்தான் ஆய்வு வரும். சரி, தெரியாது என்றால் டாக்டர் தனக்குத் தோன்றியதைக் கொடுத்துப் பார்த்துக் கணக்கு எழுதலாமே என்றால், அதில்தான் சிக்கல். புது மருந்தைக் கொஞ்சம் தெம்பாக இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கத்தான் மனசு வரும், அல்லது ரொம்ப மோசமாக இருக்கிற பிள்ளைக்கு 'இதையாவது பார்ப்போம்' என்று கொடுக்கத் தோன்றும். கடைசியில் ஒரு கூட்டம் பிழைத்து இன்னொரு கூட்டம் தவறினால் அது மருந்தாலா, பிள்ளைகள் ஏற்கெனவே இருந்த நிலைமையாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கினால் தெம்பானவர், மெலிந்தவர், தண்டையார்ப்பேட்டையிலிருந்து வருகிறவர், திருவள்ளூரிலிருந்து வருகிறவர் என்று எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கலந்துவிடுவார்கள், மிஞ்சுகிற வித்தியாசம் சிகிச்சையுடையது.

நல்லது என்று நம்பிச் செய்வது எவ்வளவு தூரம் தப்பாகப் போக முடியும் என்பதற்கு ஒரு கதை சொன்னேன், கதை இல்லை, நடந்தது. 1940களில் அமெரிக்கா மாதிரி வசதியான நாடுகளில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூச்சுத் திணறுகிற குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுப்பதில் என்ன கெடுதல் வரப்போகிறது? யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அதே வருஷங்களில் குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகள் கண் பார்வை இல்லாமல் போனார்கள், உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் என்று சொல்கிறார்கள். காரணமாக ஏதேதோ சந்தேகப்பட்டார்கள். கடைசியில் 1953-ல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, தாராளமான ஆக்சிஜன், தேவைக்கு மட்டும் ஆக்சிஜன் என்று குழந்தைகளைப் பிரித்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாராளமாகக் கொடுத்ததுதான் விழித்திரையைக் கெடுத்தது. அக்கறையோடு கொடுத்ததுதான், யாரும் சோதித்துப் பார்க்காமல் கொடுத்தது.

அதோடும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயந்துபோய் ஆக்சிஜனை ரொம்பக் குறைத்தபோது வேறு குழந்தைகள் மூச்சு கிடைக்காமல் இறந்தார்கள். அப்புறம் பல பத்தாண்டு கழித்து, 2010-ஐ ஒட்டிய வருஷங்களில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85-89 சதவீதமா 91-95 சதவீதமா என்று பெரிய ஆய்வுகளை மறுபடி நடத்தினார்கள். குறைவாக வைத்த பக்கம் இறப்பு அதிகம், கூடுதலாக வைத்த பக்கம் கண் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது. இன்று ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் குறைமாதக் குழந்தையின் குட்டிக் காலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற, சிவப்பு விளக்குள்ள ஒரு கிளிப் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் எந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்ற அறிவு இத்தனை குழந்தைகள் வழியாக வந்தது.

அடுத்து அவர் கேட்டது: "பெரியவங்கள வச்சுப் பாத்துட்டு புள்ளைங்களுக்குப் பாதி அளவு குடுத்தா போதாதா?" இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டதே வேலைக்குப் போன பிறகுதான். குழந்தை என்பது சின்ன அளவிலான பெரியவர் இல்லை. டிபிக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையைப் பாருங்கள், பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். அதே கணக்கைத்தான் ரொம்ப நாள் குழந்தைகளுக்கும் போட்டார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளின் கல்லீரல் அந்த மருந்தை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடுகிறது, ரத்தத்தில் போதுமான அளவு நிற்பதில்லை. ரத்தம் எடுத்து அளந்து பார்த்த பிறகு 2010-ல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று உயர்த்தியது. பெரியவரைவிட இரண்டு மடங்கு! பாதி கொடுத்தால் போதும் என்ற நம் கணக்குக்கு நேர் எதிர். இன்னொரு பக்கம் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்து, பெரியவர்கள் தாங்கிக்கொண்ட அது, பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல் அதை வெளியேற்றும் அளவுக்கு வளராததால் உடம்பில் சேர்ந்து, குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தார்கள். 1950களின் கடைசியில்தான் அது மருந்தின் வேலை என்று புரிந்தது. ஒரு மருந்து கூடுதலாக வேண்டும், இன்னொன்று தொடவே கூடாது, குழந்தைகளிடம் கவனமாகப் பார்க்காமல் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

டிபி என்று வந்துவிட்டதால் எனக்கு மனசுக்கு நெருக்கமான ஓர் ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும், சென்னைக்கும் அதில் பங்கு உண்டு. ஆறு மாதம் மாத்திரை போடுவது என்றால் என்ன என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரியவர் மாத்திரையை உடைத்து, கரண்டியில் வைத்து நசுக்கி, சர்க்கரை போட்டு, மூக்கைப் பிடித்து ஊட்டுவார்கள், பாதி வெளியே வந்துவிடும். மூத்திரம் ஆரஞ்சு கலரில் போகிறதே என்று அழுதுகொண்டே ஓடி வந்த அம்மாக்கள் உண்டு (ரிஃபாம்பிசின் போட்டால் அப்படித்தான் போகும், பயமில்லை). மூன்றாம் மாதம் பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் 'அதான் சரியாயிடுச்சே' என்று நிறுத்திவிடுவார்கள். கேள்வி இதுதான்: பெரும்பாலான குழந்தைகளுக்கு வரும் டிபி லேசானது, நுரையீரலில் கிருமி குறைவு, கழுத்தில் நெறி கட்டுவதோடு நிற்பது, இவர்களுக்கும் பெரியவர்களைப் போல ஆறு மாதம் வேண்டுமா? நான்கு மாதம் போதாதா?

'ஷைன்' என்று பெயர் வைத்த அந்த ஆய்வு உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று நான்கு நாடுகளில் நடந்தது, இந்தியாவில் சென்னையும் புனேவும். 16 வயதுக்குக் கீழே 1,204 குழந்தைகள். குலுக்கலில் 602 பேருக்கு நான்கு மாதம், 602 பேருக்கு ஆறு மாதம். எல்லாருக்கும் தண்ணீரில் கரைகிற, பழ வாசனையுள்ள குழந்தைகள் மாத்திரை. சிகிச்சை தொடங்கியதிலிருந்து 72 வாரம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இறந்தவர்கள், சிகிச்சை பலிக்காதவர்கள், நோய் திரும்பியவர்கள், இடையில் தொடர்பு விட்டுப்போனவர்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணியபோது நான்கு மாதக் குழுவில் 16 பேர், ஆறு மாதக் குழுவில் 18 பேர். அதாவது இரண்டிலும் நூற்றுக்கு மூன்று. 2022 மார்ச்சில் முடிவு வெளியானது, லேசான டிபி உள்ள 3 மாதம் முதல் 16 வயது வரையிலான குழந்தைகளுக்கு நான்கு மாதம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியில் சேர்த்தது. இந்த ஆய்வில் அதிசய மருந்து எதுவும் கிடையாது. பழைய மாத்திரைகள்தான், இரண்டு மாதம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு குழந்தைக்கு அறுபது நாள் கசப்பும், ஓர் அம்மாவுக்கு அறுபது நாள் போராட்டமும் குறைந்தது சின்ன விஷயமில்லை. புதுசாக எதையோ ஊற்றிப் பார்ப்பது மட்டும்தான் ஆய்வு என்று நினைக்கிறோம், 'இவ்வளவு கொடுக்கத் தேவையா' என்று கேட்பதும் ஆய்வுதான்.

தங்கையின் பையனுக்கு வந்த நோயிலும் இதே வரலாறுதான். ஏ.எல்.எல். என்று சொல்கிற அந்த ரத்தப் புற்றுநோய் 1940களில் வந்தால் சில வாரமோ சில மாதமோதான். முதல் வெளிச்சம் வந்ததில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் பெயர் இருக்கிறது, எல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, இங்கே மருத்துவம் படித்து, அமெரிக்கா போய் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றவர். அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948-ல் எழுதினார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது, ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டைத்தான் இன்றும் இந்தப் பிள்ளைகளுக்கு முதுகில் ஊசியாகப் போடுகிறார்கள், மாத்திரையாகவும் கொடுக்கிறார்கள். கூடவே கொடுக்கும் வின்கிரிஸ்டின் நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது, சுடுகாட்டு மல்லி என்று நாம் வீட்டில் வளர்க்கத் தயங்குகிறோமே, அதே செடி.

1970களிலிருந்து இப்போது வரை முக்கியமான மருந்துகளின் பட்டியல் பெரிதாக மாறவில்லை, ஆனால் வசதியான நாடுகளில் இன்று இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். எதை எதோடு சேர்ப்பது, எந்த வாரம் கொடுப்பது, யாருக்குக் கூட்டுவது, யாருக்குக் குறைப்பது என்று ஒவ்வொரு படியும் ஓர் ஆய்வு. ஒரு காலத்தில் மூளைக்கு நோய் போகாமல் இருக்கப் பிள்ளைகளின் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கப்பட்டது. முதுகில் ஊசி மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சே தேவையில்லை என்று ஆய்வுகள் காட்டியதால்தான் இன்று அதைத் தவிர்க்கிறார்கள். இங்கேயும் 1980களில் மும்பை, டெல்லி, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைகள் ஒரே சிகிச்சை முறையை வைத்துக்கொண்டு சேர்ந்து வேலை செய்த பிறகுதான் நம் பிள்ளைகள் பிழைப்பது கூடியது. தங்கையிடம் நான் சொன்னது, ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உன் பையனுக்கு நாளைக்கு ஏறப்போகும் மருந்து முன்னால் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை சேர்ந்ததால் கிடைத்தது. அதற்காக நீ சேர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, அந்தக் கடனை ஒரு அம்மாவின் தலையில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்களா என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நோயில், வேலை செய்யும் சிகிச்சை ஒன்று இருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டு வெற்று மாத்திரை மட்டும் கொடுக்க முடியாது. ஒரு குழுவுக்கு இன்று இருப்பதில் நல்ல சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு அதில் ஒரு மாற்றம். இந்தப் பையனின் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது, ஒரு மருந்தின் அளவை ஒரு கட்டத்தில் குறைக்கலாமா என்பதுதான் கேள்வி. முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்றும் படிவத்தில் வரும். முதல் கட்டம் என்றால் எவ்வளவு அளவு தாங்கும் என்று கொஞ்சம் பேரிடம் பார்ப்பது, இரண்டாவது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, மூன்றாவது இருப்பதோடு ஒப்பிடுவது. உங்கள் பிள்ளையைக் கேட்பது எந்தக் கட்டத்துக்கு என்று கட்டாயம் கேளுங்கள், முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் ஒரே ஆபத்து இல்லை.

நம் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஒரு திட்டத்தில், அப்பா அம்மாவுக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன்களும் தலைமையாசிரியர்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் திட்டத்தை நிறுத்தினார்கள், நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கண்டித்தது. அதற்குப் பின் 2013-லும் 2019-லும் விதிகள் இறுகின. இன்று ஒவ்வோர் ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதில் டாக்டர்கள் மட்டும் இருக்கக் கூடாது, சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம், பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். புது மருந்து ஆய்வில் பிள்ளைக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, ஆய்வால்தான் வந்தது என்றால் இழப்பீடு. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும், சி.டி.ஆர்.ஐ. எண் என்று படிவத்தில் இருக்கும். போனில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம், நாங்கள் அன்று ராத்திரியே பார்த்தோம், வந்தது.

பெரிதாகத் தெரியாத, ஆனால் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. கையெழுத்து அப்பா அம்மாவுடையது என்றாலும் பிள்ளையையும் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில், பிள்ளையின் சம்மதம் வாங்க வேண்டும். பல இடத்தில் இதை அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். தங்கைக்கும் முதல் நாள் அப்படித்தான் ஆகியிருக்கிறது, வரிசையில் நூறு பேர் நிற்க ஐந்தே நிமிஷத்தில் சொல்லி முடித்துத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் கேள்விகளைப் படிவத்தின் பின்பக்கமே எழுதினோம். சேராவிட்டால் என் பையனுக்கு என்ன சிகிச்சை, அது இப்போது கொடுப்பதிலிருந்து குறையுமா. பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் யாரிடம் சொல்வது (எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்பது விதி). கூடுதலாக எத்தனை தடவை ரத்தம் எடுப்பார்கள், எத்தனை நாள் கூடுதலாக வர வேண்டும், அந்த நாளுக்கு ஆட்டோ காசு உண்டா. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் 101 வந்தால் எந்த நம்பருக்குப் போன் போடுவது. கடைசிப் பக்கத்தில் இரண்டு நம்பர் இருக்கும், ஒன்று ஆய்வை நடத்தும் டாக்டருடையது, இன்னொன்று நெறிமுறைக் குழுவுடையது. இரண்டாவது நம்பர் டாக்டரைப் பற்றியே கேட்க வேண்டியிருந்தால் கூப்பிட, அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து அப்பாவும் வந்து சேர்ந்த பிறகு நான்கு பேருமாகப் போனோம். இந்தத் தடவை டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளின் பின்பக்கம் இருந்த எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அப்புறம் பையனைப் பார்த்து, "நீ ஏதாவது கேக்கணுமா?" என்றார். அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இதுல சேந்தா முதுகுல போடுற ஊசி கம்மியாவுமா?"

"இல்லடா கண்ணா. ரெண்டு பக்கமும் அது ஒரே எண்ணிக்கைதான்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யோசிக்க இன்னொரு நாள் வேணும் என்றான். கொடுத்தார்கள்.